அறிக்கையில் லேசான மழை

அன்பு மகளே,

உன் திருமணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய்.

அன்று காலை, உன் ஊருக்கு நான் ஓட்டிவரவிருந்த விமானம் நின்ற கான்டர் விமான நிலையத்தில் உறைமழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிற மழை. லேசானதென்றால் விமானத்தைக் கிளப்பலாம். அதற்கு மேலென்றால் கூடாது. வானிலை அறிக்கை லேசானது என்றது. நான் இறங்கிப்போய் இறக்கையைத் தடவினேன். பனித்தடுப்புத் திரவம் அடித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் கண்ணாடிபோல் பனி.

"லேசுன்னுதானே போட்டிருக்காங்க கேப்டன்? உங்க பொண்ணு கல்யாணம், கிளம்பிடலாம்," என்றான் துணை விமானி டெர்மட்.

"பேப்பர்லதான்டா லேசு. எல்லாரையும் இறங்கச் சொல்லு."

முப்பத்தேழு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அந்தப் பனியில் பேருந்தும் ஓடவில்லை. மூன்று மணிக்கு, நீ சர்ச்சுக்குள் நடந்தபோது, நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் கேட்காதே.

நாளைக்கே அப்படிப் பெய்தாலும் இறங்கத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறேன். திட்டுவதானால் நேரில் திட்டு.

உன் அப்பா