தறிக்காலில் இரண்டு நிற நூல்

ஆரணி,
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவிப்ரியா எழுதுகிறேன். மஸ்கட் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை உண்மையாகவே நன்றாக இருக்கிறோம்.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சில விஷயங்களை அண்ணனிடம் வாயால் சொல்ல எனக்கு வராது. கோபிநாத் அண்ணனுக்கு லீவு முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மஸ்கட் புறப்படுகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைப் படி, அப்புறம் ஊறுகாய்.

போன வாரம் பேசும்போது, தறிச் சத்தம் கேட்கிறதே, யார் நெய்கிறார்கள் என்று கேட்டாய். கூலிக்கு ஆள் வைத்திருப்பதாக அப்பா சொன்னார். அது பொய். நெய்தது அண்ணி. ஆனி மாதத்திலிருந்து அண்ணி நம் வீட்டில்தான் இருக்கிறார். உன் போன் வந்தால் தறிக்குழியிலேயே குனிந்துகொள்வார். அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்று உன்னிடம் பேசிவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

கோபப்படாமல் மேலே படி.

பங்குனியில் நடந்ததை நானும் மறக்கவில்லை. சேலையின் முந்தானை நெய்யவேண்டிய நேரத்தில், தறியில் இருந்த பாவு நூலை அண்ணி கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். தறி வீட்டில் அதைவிடப் பெரிய காரியம் இல்லை. அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். "தறி வேணான்னா நானும் வேணாம்னுதான் அர்த்தம், உங்கம்மா வூட்லயே இரு" என்று நீ போனில் சொன்னாய். அண்ணி பையை எடுத்துக்கொண்டு தேவிகாபுரம் பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. தீபாவளிக்கு வந்து, இந்த உறவே வேண்டாம் என்று பேசி முடித்துவிடுவேன் என்று அம்மாவிடம் நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணிக்குத் தறி பிடிக்கவில்லை என்று நாம் எப்படி முடிவு கட்டினோம், யோசித்துப் பார். மாதாமாதம் அந்த நாட்களில் நம் வீட்டுப் பெண்கள் தறியைத் தொடுவதில்லை. அதுவரை முகம் கொடுத்துப் பேசாமல், எரிந்து விழுந்து, ஒன்றுமில்லாததற்கு அழுதுகொண்டிருந்த அண்ணி, தறியை விட்டு இறங்கியதும் ஒன்றிரண்டு நாளில் பழையபடி சிரிப்பார். "தறில குந்தினா மூஞ்சத் தூக்கிகினு இருக்கா, எறங்கினா சிரிச்சிகினு இருக்கா. வேலை செய்ய வலிக்குது மகாராணிக்கு" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

சித்திரையில் யாருக்கும் சொல்லாமல் தேவிகாபுரம் போனேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து, "நான் இல்லன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதி, இல்ல?" என்றார். அன்று இரவு அங்கேயே அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மனசு கேட்காமல் மறுவாரமும் போனேன். அதே அண்ணி கோயில் வாசலில் பூ வாங்கிக்கொண்டு, பூக்காரியோடு பேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, தலைக்கு ஊற்றிக்கொண்டேன் என்றார்.

அவர் அம்மா வீட்டில் தறியே இல்லை, அண்ணா. பிறகு எப்படித் தறி காரணமாக இருக்கும்?

வேலூரில் மனநல மருத்துவர் ஒரு அம்மா இருப்பதாகக் கல்லூரித் தோழி சொன்னாள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வேர்த்துக் கொட்டியதைப் பார்த்து, உங்களில் யாருக்கு வைத்தியம் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். அங்கேயே அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இது மாதவிடாய்க்கு முன்னால் வரும் மனநிலை நோயாக இருக்கலாம் என்றார். ஆங்கிலத்தில் பி.எம்.டி.டி. என்பார்களாம். பல பெண்களுக்கு வரும் சாதாரண எரிச்சல் இல்லை இது. உடம்பில் மாதாமாதம் நடக்கிற மாற்றம் எல்லாருக்கும் நடப்பதுதான், சிலருடைய மூளைக்கு மட்டும் அது தாங்குவதில்லை. மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் மனசு இருண்டுபோகும், கோபம் கைமீறும், சாகலாமா என்றுகூடத் தோன்றும். மாதவிடாய் வந்ததும் தானாக விலகிவிடும். நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை, வைத்தியம் உண்டு என்றார். ஆனால் இரண்டு மாதம் தினமும் மனநிலையைக் குறித்துவந்து காட்டினால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். அதுவரை தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எல்லாப் பொம்பளைக்கும் வருவதுதானே, இதற்கு வேலூர் வரை போகவேண்டுமா என்று கத்தினாள். தேவிகாபுரத்தில் தறி இல்லையே, அங்கே அண்ணி ஏன் அழுதார் என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. அம்மா மறுநாள் முதல் பஸ்ஸில் தேவிகாபுரம் போய், சாயங்காலம் அண்ணியோடும் அண்ணியின் பையோடும் வந்து இறங்கினாள். "என் கண்ணு எதுருலயே இருக்கட்டும்" என்றாள்.

எழுதி வைப்பதெல்லாம் அம்மாவுக்கு ஒத்துவராது. கழிவு நூலில் மஞ்சளும் அரக்கும் எடுத்து வைத்தாள். நாளுக்கு ஒன்றாக, நல்ல நாளென்றால் தறிக்காலில் மஞ்சள் நூல் கட்டவேண்டும், கெட்ட நாளென்றால் அரக்கு. தறியைத் தொடாத நாட்களில் அம்மா தானே கட்டினாள். அதற்காக, இன்று எப்படி இருக்கிறது என்று அண்ணியைக் கேட்டாக வேண்டியிருந்தது. முதலில் சிடுசிடுவென்று கேட்டாள். போகப் போகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அப்படித் தொடாத நாள் ஒன்றில், கையில் மாவோடு இருந்தவள் அண்ணியிடம், "நீயே கட்டிக்கோ பவித்ரா. நூலுதானே, தறி ஒண்ணும் கோவிச்சிக்காது" என்றாள். எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

ஆடி முடிவில் தறிக்காலைப் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டினேன். இரண்டு மாதமும் அரக்கு, மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் கொத்தாக நின்றது, பிறகு வரிசையாக மஞ்சள். டாக்டர் பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அண்ணி காலையில் நடக்கிறார், நேரத்துக்குத் தூங்குகிறார், மாதம் ஒருமுறை போய் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு வருகிறார். எல்லாம் மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இந்த மாதமும் அரக்கு நூல் உண்டு. ஆனால் கொத்தாக இல்லை. அந்த நாட்களில் "இன்னிக்கு அரக்கு" என்று அண்ணியே சொல்லிவிடுவார். அப்பா ரேடியோவைக் குறைப்பார், அம்மா வாயைக் குறைப்பாள்.

அம்மாவுக்கு இப்போது பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு உண்ணாமலை அக்காவிடம், நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பெண்ணுக்கும் இப்படித்தான் இருக்கிறது என்று டாக்டர் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெட்டின பாவு நூலை யாரையும் தொடவிடாமல் அண்ணியே இழை இழையாக முடிந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சேலை போன வாரம் தறியிலிருந்து இறங்கியது. வெட்டின இடம் எது என்று நூல் கொடுத்த முதலாளிக்கே தெரியவில்லை.

தறியில் உட்கார்ந்தால்தான் தனக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒருநாள் அண்ணி சொன்னார். உன்னிடம் இதையெல்லாம் சொல்லவேண்டாம், அவரே கேட்டால் பார்க்கலாம் என்றும் சொன்னார். கேட்காதவனிடமும் சொல்லிவிடுகிற தங்கை எதற்கு இருக்கிறாள்?

அண்ணா, தீபாவளிக்கு வா. பேசி முடிக்க வராதே, பேச வா. அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். அடுத்த முறை போன் செய்யும்போது, யார் நெய்கிறார்கள் என்று அப்பாவை மறுபடியும் கேள். இந்த முறை அவர் போனைத் தறிப் பக்கம் திருப்பிவிடுவார். நீ முதலில் ஒன்றும் சொல்லவேண்டாம். இன்று என்ன நூல் என்று மட்டும் கேள்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்,
உன் தங்கை
தேவிப்ரியா