அனலைதீவுக் கிழக்குக் கரையில் ஒரு நீல வள்ளம்

1986 ஆனி 2, திங்கள்

காலையிலிருந்து சோளகக் காற்று பலம். கொப்பி புதிது, கை பழையது. எழுத்து ஒன்று தென்னை மாதிரி, அடுத்தது நண்டு மாதிரி. வாசிக்கிறவர் பொறுக்க வேண்டும். வாசிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான், ஆகவே பொறுத்தாயிற்று. பென்சிலைச் சுக்கான் பிடிப்பதுபோல் பிடிக்கிறேன் என்கிறாள் மருமகள் ராசமலர். இவ்வளவும் எழுத ஒரு சுருட்டு முடிந்துவிட்டது.

என்றாலும் சந்தோஷம். சந்தோஷம் என்று எழுத வருகிறது, அதிலும் ஒரு சந்தோஷம். இன்று பஸ் பலகையை நானே வாசித்து ஏறினேன். பண்டத்தரிப்பு. எட்டெழுத்து. கொண்டக்டர் சொல்லத் தேவையில்லை.

மாசியில் என் மகன் யோகன் வலைக்குப் போனான். அன்று மேற்கே சூட்டுச் சத்தம் கேட்டது. வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. அரசாங்கக் கச்சேரியில் விபரம் கொடுத்தபோது பெருவிரலை மையில் அழுத்திப் பிடித்தார்கள். அவன் பெயருக்குக் கீழே என் விரல் அழுக்கு. வீட்டுக்கு வந்து ராசமலரிடம் எழுத்துச் சொல்லித் தா பிள்ளை என்றேன். இருவருக்கும் நித்திரை இல்லை, செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது.

இன்று சந்தையில் அனலைதீவுக் கருவாட்டுக்காரர் ஒருவர் சொன்னது: தங்கள் தீவின் கிழக்குக் கரையில், கடலடிக் கற்பாருக்குப் பக்கத்தில், இரண்டாள் ஆழத்தில் ஒரு வள்ளம் கிடக்கிறது. நீல வள்ளம். பயத்தில் ஒருவரும் கிட்டப் போவதில்லை.

எங்களுடையதும் நீலம்.

ஆனி 3, செவ்வாய்

இரவு ராசமலரிடம் சொன்னேன். சோறு குழைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டாள்.

அவளுடைய தாய் பங்குனியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் கட்டி எரித்துக் காரியம் முடிப்பது வழக்கம். ஐயரிடமும் பேசிவிட்டார்களாம். எரித்தால் அன்றே தாலி கழற்ற வேண்டும். ராசமலர் தாய்க்குச் சொன்ன பதில் ஒன்றுதான்: "கண்டு சொன்னால் கழட்டுறன். காணாமல் சொன்னால் கழட்டமாட்டன்."

ஆகவே காண வேண்டும். எப்படி? எங்கள் கரையிலிருந்து வள்ளம் இறக்க நேவிக்காரர் விடமாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிற் சபையார் மோட்டார் லோஞ்சி பிடித்து நயினாதீவுத் தேருக்குப் போகிறார்கள். திருவிழா என்றபடியால் அனுமதி. போகிற வழியில் இரண்டு தீவில் நிற்குமாம். சபைத் தலைவர் மயில்வாகனத்தாரிடம் இரண்டு பேருக்குச் சொல்லி வைத்தேன். தீவுகளில் இறங்கிக் கொஞ்சம் கடலில் குளிப்பேன் என்றும் சொன்னேன். கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு வரவேணும், தனிச் சுற்றுலா இல்லை என்றார். ஓம் என்றேன்.

என் திட்டம்:
எழுவைதீவு. கொஞ்ச நேரம். மணல் அடி. பழகிப் பார்க்க.
அனலைதீவு. மத்தியானச் சமையல். சோளகம் மறுபக்கம் அடிக்கும், கிழக்குப் பக்கம் தெளிவு. உச்சி வெயிலில் அடி தெரியும். இங்கேதான்.
நயினாதீவு. சனம். முடியாது.

ஆனி 4, புதன்

அனலைதீவு விசயத்தைச் சொல்லிச் சுழியோடுகிற கண்ணாடி இரவல் வாங்கச் செல்லையாவிடம் போனேன். நாலு வீடு தள்ளி வீடு. இளமையில் இருவரும் சேர்ந்து சங்கு குளித்தோம். அவனுக்கு ஒரு காது வெடித்துக் கரையோடு நின்றுவிட்டான். கடலட்டை பிடித்த காலத்துக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் இன்னும் வைத்திருக்கிறான்.

பெயரைச் சுருக்கி ஒரு புள்ளி வைக்கலாமாம். இனி அவன் செ. கை மிச்சம்.

செ. என் கொப்பி விசயம் அறிந்து சிரித்தான். "உந்த வயசிலை எழுத்து என்னத்துக்கு மச்சான்? யமன் கையெழுத்துக் கேக்கிறானோ?"

அவனுக்கு எழுத்து வராது, வேண்டவும் வேண்டாம். அவன் மகன் தவம் எங்கள் யோகனுக்கு ஒரு கிழமை முன்னதாக, சொந்த வள்ளத்தில், அக்கரை இந்தியாவுக்குப் போனான். மண்டபம் முகாமில் அவனைக் கண்டதாக யாரோ யாருக்கோ சொன்னார்கள். செ.க்கு அது போதும். மகன் வரும்போது றேடியோ கொண்டு வருவான் என்று மேசையில் இடம்கூட ஒதுக்கி வைத்திருக்கிறான்.

எங்கள் வள்ளமும் அவன் வள்ளமும் ஒரே ஓடாவி கட்டியது. ஒரே மாரிக்குள், ஒரே மரத்தில். பூசியதும் ஒரே தகரத்துப் பெயின்ற். எங்களுடையதற்கு யோகமலர், அவர்களுடையதற்கு வேலவன் என்று முன்பக்க அணியத்தில் வெள்ளையில் எழுதுவித்தார்கள். அந்நாளில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். கரையில் நிற்கிற இடத்தை வைத்துத்தான் எங்களுடையது என்று ஏறுவேன்.

கண்ணாடி ரப்பர் உக்கிப்போயிருந்தது. செ. சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டித் தந்தான். கண்ணாடியின் உள்ளே புகையிலை தேய்த்தால் மூட்டம் பிடிக்காது என்று எனக்கே சொல்லித் தந்தான். யாரோ சொல்லக் கேட்டு நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அது. மறந்துவிட்டான்.

மாலை கிணற்றடித் தொட்டியில் முகத்தை வைத்து மூச்சு விட்டுப் பார்த்தேன். ராசமலர் சிரித்தாள். மாசிக்குப் பிறகு முதல் தரம். பிறகு சிரித்ததற்காக அழுதாள்.

ஆனி 5, வியாழன்

வெக்கை. கட்ட வேண்டியவை: வேட்டி இரண்டு, பொங்கல் பானை, அரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய், புகையிலை ஒரு துண்டு, கண்ணாடி, குழாய்.

காரைநகர்த் துறையில் சோதனை இருக்கும். சுழியோடுகிற சாமான் கண்டால் விடமாட்டார்கள். ராசமலர் கண்ணாடியைப் பானையில் வைத்து, பக்கத்தில் தேங்காயையும் வைத்து, மேலே அரிசியைக் கொட்டினாள். குழாயைத் துணியில் சுற்றி வாழைப்பொத்தியோடு கட்டினாள். நயினாதீவு அம்மாள் பொறுக்க வேண்டும்.

ஆனி 6, வெள்ளி. நயினாதீவு மடத்தில்

பிறை பெருத்துவிட்டது. மடம் முழுக்கச் சனம். தூணில் சாய்ந்து எழுதுகிறேன்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

சோதனையில் பானையைத் திறந்தார்கள். ஒருவன் தடியால் அரிசியைக் குத்தினான். கண்ணாடியில் பட்டு டக் என்றது. ராசமலர் அரிசிக்குள் கை விட்டுத் தேங்காயை எடுத்துக் காட்டினாள். விட்டுவிட்டான்.

எழுவைதீவில் அரை மனதாக இறங்கினேன். நல்லாயிருந்தது என்று எழுத வெட்கம். அந்தக் காலத்தில் மூச்சை அடக்கிப் போவோம், தடவி எடுப்போம், வருவோம். அடியைப் பார்த்ததே இல்லை. இன்று குப்புறக் கிடந்து, மூச்சும் விட்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன். மணலில் என் நிழல். அதற்கு மேலால் சின்ன மீன்கள் போயின. இத்தனை வருடம் இந்தக் கடலில் உழைத்தேன், இது இப்படி இருக்கும் என்று தெரியாது. எழுத்து வந்த அன்று பட்ட சந்தோஷம்போல்.

அனலைதீவில் சபையார் அடுப்பு மூட்டினார்கள். மயில்வாகனத்தார் விறகு பார்க்கப் போன நேரம் நாங்கள் கிழக்குக் கரையால் நடந்தோம். ராசமலர் என் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருந்தாள். புகையிலை தேய்த்தேன். இறங்கினேன்.

பார் தாண்டியதும் கிடந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து. நீலம். அணியத்தின் வளைவு, ஓடாவி கை. எங்கள் வள்ளம்தான். எனக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பலகையில் ஓட்டைகள், என் விரல் போகும், ஒரு வரிசையாக. உள்ளே மணலும் வலைத் துண்டும். ஆள் இல்லை. ஒன்றும் இல்லை.

மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர், கடல்தண்ணீர் இல்லை. கரையில் அவள் எழுந்து நிற்பது தெரிந்தது. கையைக் காட்டியிருந்தால் போதும், அங்கேயே விளங்கியிருக்கும். பழைய நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

இப்போது வாசிக்க வருமே என்று பட்டது. திரும்பப் போனேன். பாசி. உள்ளங்கையால் தேய்த்தேன். மூச்சு முட்டி மேலே வந்தேன், மறுபடி போனேன். வெள்ளை தெரிந்தது. ஒவ்வொன்றாக வாசித்தேன், ராசமலர் காட்டித் தந்ததுபோல் விரலை வைத்து.

வேலவன்.

கரைக்கு வந்து, எங்கடை இல்லைப் பிள்ளை என்றேன். அவள் அம்மாளை நினைத்துக் கும்பிட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஓம், பட்டேன். எழுதி வைக்கிறேன்.

பிறகு அவள் கேட்டாள். "அப்ப ஆற்றை மாமா?"

பெயரைச் சொன்னேன். என் வேட்டி அவள் கையிலிருந்து மணலில் விழுந்தது.

அதற்கு மேல் பொங்கல் தந்தார்கள். தின்றோம்.

ஆனி 7, சனி

தேர். மூன்று தரம் வடம் தொட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் ஒன்றும் கேட்கவில்லை. ராசமலர் நெற்றியில் புதுக் குங்குமம்.

வந்து இறங்கியபோது செ. பஸ் நிற்கிற இடத்தில் எனக்காக நின்றான். கண்டனியோ என்று கேட்டான். தண்ணீர் கலங்கல், ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவன் என் தோளில் தட்டி, கவலைப்படாதை மச்சான், உன்ரை பெடியனும் அக்கரையிலை தவத்தோடை இருப்பான் என்றான்.

ஆனி 8, ஞாயிறு

மழை இல்லை. காற்று. எழுத மனமில்லை. கண்ணாடி அடுப்படி ஆணியில் தொங்குகிறது.

ராசமலர் சொன்னாள்: "நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ மாமா. எனக்கு ஆரும் கண்டு சொன்னால் நான் கும்பிடுவன்."

ஆனி 9, திங்கள்

போனேன். கண்ணாடியையும் குழாயையும் கழுவித் துடைத்துக் கொண்டு போனேன். செ. முற்றத்தில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான். நல்ல காது இருக்கிற பக்கமாகப் போய் இருந்தேன். கிடக்கிற இடம் சொன்னேன். ஓட்டைகள் சொன்னேன். பெயர் சொன்னேன்.

கன நேரம் ஈயம்தான் கட்டினான்.

"ஆர் வாசிச்சது?"

நான்தான் என்றேன்.

"நீ நேற்றுப் படிச்ச எழுத்து. தண்ணிக்குள்ளை. பிழையாய் வாசிச்சிருப்பாய்."

நாலு மாதம் படித்த படிப்பு. நாலெழுத்து. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து வாசித்தேன். பிழை இல்லை. அவனும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பிழை இல்லை என்று அவனுக்கும் தெரியும். உள்ளே மேசையில் றேடியோவுக்கு ஒதுக்கிய இடம், துடைத்து வைத்தபடி.

"ஓம் மச்சான், பிழையாய்த்தான் வாசிச்சிருப்பன்" என்றேன்.

தலையை ஆட்டினான். இன்னும் கொஞ்ச ஈயம் கட்டினான். கண்ணாடியை அவன் மடியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தான், தான் ஒட்டிய ரியூப்பை இழுத்துப் பார்த்தான், திரும்ப என் கையில் தந்துவிட்டான்.

"வைச்சிரு. நீ இன்னும் உன்ரையைக் காணயில்லை."

வந்துவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ராசமலர் கேட்டாள், சொன்னேன். கண்ணாடியை வாங்கி அதே ஆணியில் மாட்டினாள்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குச் சனம் போகும். அங்கே தீர்த்தம் ஆடுகிற சாட்டில் இறங்கலாம். அடி கல், ஆனால் தெளிவு. மாதகல் முனைப் பக்கம் நீரோட்டம் எப்படி என்று கேட்க வேண்டும். செ.க்குத்தான் தெரியும். நாளைக்கே கேட்க முடியாது, கொஞ்ச நாள் போகட்டும்.

பென்சில் முனை முடிந்தது. வருகிற திங்கள் பண்டத்தரிப்பில் புதிது வாங்கி மிச்சம் எழுதுவேன்.