மூன்றாவது ஜாயிண்ட்

செவ்வாய்க்கிழமை, இரவு.

சுங்கை புரோங் கிராமத்தில் இன்று புது லேசர் கருவியைப் பொருத்தினோம். பழைய கருவியில் ஒளி அணைந்து அணைந்து எரியும். இதில் ஒளி அணைவதே இல்லை. அலையின் கட்டத்தை, அதாவது அது ஏறி இறங்கும் நிலையை, மாற்றி மாற்றித்தான் செய்தி போகிறது. எத்தனை கட்டம் என்பது இழையின் இரு முனையிலும் ஒன்றாக இருந்தால்தான் இணைப்பு வரும். இங்குள்ள பள்ளிக்கூடமும் கிளினிக்கும் இந்த ஒரு கண்ணாடி இழையை நம்பித்தான் இருக்கின்றன.

இணைப்பு வரவில்லை. இழை ஒட்டுகிற மாரியப்பன் அண்ணன் மீட்டரைக் காட்டினார். "லைட் நல்லாத்தான் வருது லா, பாரும்மா."

"ஜாயிண்ட்லதான் கோளாறுண்ணே. வெட்டிட்டு மறுபடி போடுங்க" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. வயலோரம் வெயிலில் குந்தி, மூன்று தடவை வெட்டி ஒட்டினார்.

மூன்றாவதை அவர் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். இழையின் மறுமுனையான கோல சிலாங்கூரில் காலையில் எட்டுக் கட்டம் என்று வைத்தது நான். இங்கே நாலு என்று வைத்ததும் நான்தான். அவர் ஒட்டி முடித்ததும் சத்தமில்லாமல் எட்டாக மாற்றினேன். உடனே வந்துவிட்டது.

"வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சுண்ணே."

திரும்பும்போது வேனில் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "இத்தன வருசத்துல இப்படி ரெண்டு தடவ தப்புனதே இல்ல. கண்ணு மங்குதோ என்னமோ. நாளைக்கி லீவு போட்டுட்டு டாக்டர பாக்கணும். உன்னையும் வெயில்ல காய வச்சிட்டேன், மன்னிச்சிக்கம்மா."

அறிக்கையில் கோளாறுக்கான காரணம் என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

"பரவாயில்லண்ணே" என்று சொன்னேன். அவரை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.