கத்தினேன் என்றே எழுதிக் கொடுத்தேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து எனக்குப் புத்தி சொல்வாய், அதனால்தான் கடிதம். ஓட்டலில் எனக்குக் கொடுத்த மெமோவில் என்னைப் பற்றிப் போட்டிருந்த அந்த 'வொசிஃபெரஸ்' என்ற வார்த்தைக்கு, நீ விட்டுப்போன அகராதியில் அர்த்தம் பார்த்துவிட்டேன். தன் கருத்தை உரத்த குரலில் விடாமல் சொல்கிற ஆள் என்று இருக்கிறது. எதிர்ப்பவர்களையும் அப்படிச் சொல்லலாம், ஆதரிப்பவர்களையும் சொல்லலாமாம். கெட்ட வார்த்தை என்று நினைத்து இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, "இதை என்கிட்ட கேட்டிருந்தா கல்யாணமான மறுநாளே சொல்லியிருப்பேனே" என்றார். அவரை விடு.

உன்னிடம் முழுதாகச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் பெரிய இஸ்திரி மெஷினுக்கு இரண்டு பேர். ஒருத்தி விரிப்பைப் பரப்புவாள், மற்றவள் மூடியை இறக்குவாள். இறக்குகிறவள் "கை!" என்று கத்தி, எதிரில் நிற்பவள் "எடுத்தாச்சு!" என்று கத்தினால்தான் மூடி இறங்கும். புது மேனேஜர் வந்து, சந்தைக்கடை மாதிரி மேலே வரைக்கும் கேட்கிறது, இனி தலையை ஆட்டினால் போதும் என்றார். ஆட்டினோம். போன செவ்வாய்க்கிழமை, என் ஜோடி மைனா தும்மித் தலை குனிந்ததை, சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு மூடியை இறக்கிவிட்டேன். மூன்று விரல் வெந்துவிட்டது. இறக்கியது நான்தான். அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, எல்லா மெஷினையும் நிறுத்தி, விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த முன்கூடத்துக்கே போய்க் கத்தினேன். மெமோவில் என் குரலைப் பற்றி ஒன்பது வரி இருக்கிறது, அவள் விரலைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுநாளிலிருந்து எல்லா மெஷினிலும் பழையபடி கத்துகிறோம், யாரையும் கேட்கவில்லை.

"இனி குரல் உயர்த்த மாட்டேன்னு எழுதிக் குடுத்துடும்மா" என்று நீ அனுப்பிய மன்னிப்புக் கடிதம் அழகாகத்தான் இருந்தது. அதைக் கொடுக்கவில்லை. மூடியை இறக்கியது என் தவறு, கத்தியது தவறில்லை, இனியும் கத்துவேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "இதை மாத்தி எழுதுங்கம்மா" என்றார். "எழுத்துப்பிழை இருந்தா சொல்லுங்க சார், திருத்தித் தரேன்" என்றேன். திங்கட்கிழமை முடிவு சொல்வார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நல்லா இரு, நூறு வருஷம் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, வேலை போய்விட்டால் எனக்காக யாருக்கும் போன் போட்டுக் கெஞ்சக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா