கூப்பிடாமல் விட்ட வண்டி

அத்தான்,

கீழே பார்க்கிங்கில் கிரீஸ் டப்பாவைத் திறந்தால் மூன்றாம் மாடிவரை வாசம் வருமா? வராது என்கிறாள் மருமகள். எனக்கு வந்தது. கோபர்கைரனேயில் மகன் வாங்கியிருக்கும் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஜன்னலும் ஒரு நாற்காலியும் உண்டு. இன்று காலை ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மகனுடைய காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பால் ஜாயிண்ட் தேஞ்சிடுச்சுப்பா. வீட்டுக்கே வந்து மாத்திக் குடுக்கறாங்க" என்றான் மகன், பேப்பர் வந்துவிட்டது என்று சொல்லும் குரலில்.

அது என்ன சாமான் தெரியுமா என்று அவனைக் கேட்டேன். தெரியவில்லை. முன் சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக இரண்டு இரும்புக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தக் கை முனையில் நம் தோள்பட்டை மாதிரி ஒரு குண்டு மூட்டு இருக்கிறது, அது கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் அப்படியே சாய்ந்து படுத்துவிடும் என்று சொன்னேன். "அப்பா, காலங்காத்தால ஏன்பா?" என்றான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

இறங்கிப் போய் மெக்கானிக் பக்கத்தில் நின்றேன். எண்பத்திரண்டு வயதுக்காரன் பனியனோடு வந்து மேற்பார்வை பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார். கடைசி நட்டை அவர் முறுக்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "பின் டாலா க்யா?" என்று கேட்டேன். நட்டுக் கழலாமல் பின் போட்டாயா என்று. இப்போதெல்லாம் அந்த நட்டுக்குப் பின் என்பதே கிடையாதாம், நட்டே பிடித்துக்கொள்ளுமாம். "டென்ஷன் மத் லோ, அங்கிள்" என்றார், கவலைப்படாதீர்கள் என்று. மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது. நம் இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை நாம் ஒருநாள்கூடப் பேசிக்கொள்ளவில்லை. இனி நான் மட்டும்தான் பேச முடியும்.

அப்போது நீங்கள் தாதரிலிருந்து பூனாவுக்கு டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். பெரிய பழைய அமெரிக்க வண்டி. தாராவியில் நம் சந்து வாயிலில் அதை நிறுத்தினால், தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் குடத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் நுழைய வேண்டும். திட்டிக்கொண்டே போவார்கள். நீங்கள் அவர்களுக்கெல்லாம் வணக்கம் வைப்பீர்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னீர்கள். "மாப்ள, வலது பக்கம் டக்கு டக்குங்கு. கண்டாலா மலையில வளைச்சா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்கு." கேரேஜில் காட்டியிருந்தீர்கள். மேல் கையின் மூட்டு தேய்ந்துவிட்டது, அந்த வண்டிக்குப் புதுச் சாமான் கப்பலில் வருவது நின்றுபோயிற்று, தேடிப் பிடித்து மாட்ட ஒரு வாரம் ஆகும் என்றார்களாம். அக்காவுக்கு அப்போது எட்டு மாதம். பிரசவ நேரத்தில் ஒரு வாரம் வண்டியை நிறுத்த உங்களுக்கு மனசில்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மில்லில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, நாலு வருஷத்தில் நாற்பது வருஷக் கொழுப்பு. "ஒரு நட்டு, நாலு போல்ட்டு. இதுக்கு எதுக்கு அத்தான் கேரேஜு? நம்ம வாசல்லயே மாத்திருவேன்" என்றேன். அக்கா என்னை ஒருமாதிரி பார்த்தாள். நீங்கள் மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. மறுநாளே இரண்டு பேரும் குர்லாவில் பங்கார் என்கிற பழைய சாமான் கடைகளில் இரும்பைக் குவியல் குவியலாகக் கிளறினோம். பழைய மூட்டு ஒன்று கிடைத்தது. அதிகம் ஓடாத வண்டியில் இருந்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்து, தேய்ந்த மூட்டின் ரிவெட்டுகளை உளியால் வெட்டினோம். மூட்டின் தண்டு வெளியே வரவில்லை. ஆளுக்கொரு சுத்தியலோடு எதிரெதிராக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், அப்போதுதான் விடும். "ஒண்ணு, ரெண்டு" என்று நீங்கள் எண்ண, மூன்றில் அடித்தோம். பதினோராவது தடவை டொப்பென்று விட்டது. நீங்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு என் முதுகில் ஓர் அறை விட்டீர்கள். அந்த அறையின் பெருமையில் எனக்கு ராத்திரித் தூக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாங்கி வந்த மூட்டை மாட்டி நாலு போல்ட்டையும் முறுக்கிவிட்டேன். கடைசியாகத் தண்டின் நட்டு. நட்டின் வெட்டுவாயும் தண்டின் துளையும் நேருக்கு நேர் வந்தால்தான் அதில் ஸ்பிலிட் பின்னைக் கோத்து மடக்க முடியும், நட்டுக் கழலாமல் காப்பது அதுதான். நேராக வரவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். கைப்பலம் போதவில்லை, ஸ்பேனரில் நீளக் குழாய் ஒன்றைச் சொருகித்தான் திருப்ப வேண்டும். அந்தக் குழாயில் பக்கத்து வீட்டு அம்மா ஈரச் சேலைகளைக் காயப்போட்டிருந்தார். உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "பத்தரைக்கு ராவுகாலம். அதுக்கு முன்னால வண்டிய எலுமிச்சம்பழத்துல ஏத்தி எறக்கிருங்க, ஆமா."

பூசை முடியட்டும், வண்டி திரும்ப வாசலுக்கு வந்ததும் முறுக்கிப் பின்னைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் விஷயம் அத்தான். சொல்லவில்லை. நீங்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டேன்.

அக்கா சூடம் காட்டினாள். சக்கரத்தடியில் பழம் வைத்தேன். நீங்கள் நெற்றியில் திருநீறோடு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தீர்கள். பழம் நசுங்கியது. பத்தடி போய் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்க வருவீர்கள் என்றுதான் நின்றேன், எப்போதும் அப்படித்தானே. ஆனால் மணி பத்து இருபத்தைந்து. திரும்பி வந்தால் ராகுகாலத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். இது உங்களுக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டு மெயின் ரோட்டை நோக்கிப் போனீர்கள்.

"அத்" என்று ஆரம்பித்துவிட்டேன். அக்காவின் கை என் வாயைப் பொத்தியது. சூடவாசம் அடித்த கை. "ஏல, போற வண்டிய பின்னால கூப்புடாத! சாமி கும்புட்டு எடுத்திருக்காவ."

பொத்தியது ஒரு நொடிதான். கையை விலக்கிவிட்டு நான் ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம். அக்கா மேல் பழி போட இதை எழுதவில்லை. நாள் முழுக்க மிஷினோடு நிற்கிறவன் என்று பேர்தான், நானும் அதையெல்லாம் நம்புகிறவன். கூப்பிட்டால்தான் ஏதாவது ஆகிவிடும் என்று அந்த நொடியில் எனக்கும் பட்டது. வண்டி திரும்பி மறைந்தது.

பஸ் பிடித்து தாதருக்குப் போனேன். வழியெல்லாம் நின்று நின்று போனது பஸ். பூனா டாக்சிகள் நிற்கும் இடத்தில் பெயர் எழுதுகிறவரிடம் உங்கள் வண்டியைக் கேட்டேன். "வோ தோ நிகல் கயா" என்றார் தலையைத் தூக்காமல். புறப்பட்டுப் போய்க் கால் மணி நேரமாகிவிட்டதாம். ஆட்கள் தயாராகக் காத்திருந்தார்களாம், ஒரு குழந்தையும் உண்டாம். அடுத்து நின்ற வண்டியின் சர்தார்ஜி டிரைவரிடம் பின்னைக் காட்டிக் கெஞ்சினேன். அவர் வண்டியில் இன்னும் மூன்று பேர் ஏறவில்லை. "நிரம்பினால் போவேன், பார்த்தால் சொல்கிறேன். ஆனால் உன் ஆளை நான் எங்கே போய்ப் பிடிப்பது?" என்றார் இந்தியில். அவர் கேட்டது நியாயம்தான். யாருக்குப் போன் செய்வது, எங்கே செய்வது? தானாவுக்கும் பன்வேலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நட்டுக்கு எந்த நம்பர்?

வீட்டுக்கு வந்தேன். வேறு எங்கே போவது? அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட், போகவில்லை. அக்கா தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியைத் துண்டால் சுற்றியிருந்தாள். "எங் கொண்ட ஊசிய ஒங்க அத்தான் காது கொடைய எடுத்துட்டுப் போயிட்டாவ. நூறு தடவ சொல்லியாச்சு, கேட்டாத்தான" என்று பொருமினாள். சோறு போட்டாள். மற்றக் கையில் பின்னைப் பிடித்தபடியே பிசைந்துகொண்டிருந்தேன்.

"கையில என்னல வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மில்லுல ஏதும் தகராறா?"

இல்லை என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். எதிரே நான். பின்னைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் தடம் விழுந்திருந்தது. இவளிடம் சொன்னால் என்ன ஆகும்? நீதான் வாயைப் பொத்தினாய் என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்? மலையில் இரண்டாவது வளைவா, மூன்றாவதா, இந்நேரம் எதில் இருப்பீர்கள் என்று நான் மட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணினேன். "ஒங்க அத்தான் மாதிரி பதனமா வண்டி ஓட்ட இந்தப் பம்பாயில ஆளு கெடையாதுல" என்று அவளாகவே ஏதோ பேச்சில் சொன்னாள். எழுந்து வெளியே போய் அந்தச் சேலைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் நான் எதற்கும் அவ்வளவு உதவாதவனாக இருந்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஹார்ன் கேட்டது.

இறங்கினீர்கள். சட்டையில் கிரீஸ். என்னை ஒருமுறை பார்த்தீர்கள். கைகால் கழுவினீர்கள், அக்கா போட்ட சோற்றைத் தின்றீர்கள், மோர் கேட்டீர்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் நீங்கள் எழுந்திருக்குமுன் வண்டியடியில் போய்ப் படுத்தேன். நட்டு சரியாக அடுத்த வெட்டுவாய்க்கு முறுக்கப்பட்டிருந்தது. துளையில் ஏற்கெனவே ஏதோ கோத்திருந்தது. அக்காவின் கொண்டை ஊசி. இரண்டு முனையும் நட்டைச் சுற்றி ஒழுங்காக மடக்கப்பட்டிருந்தன.

எங்கே நிறுத்தினீர்கள் அத்தான்? மலையேறுமுன் கோபோலியில் டீ குடிக்க நிறுத்துவீர்களே, அங்கேயா? சத்தம் கேட்டதா? அல்லது நான் செய்த வேலைதானே, ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று தோன்றியதா? நட்டு எவ்வளவு கழன்றிருந்தது? அறுபது வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை.

ஊசியை நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பின்னைப் போட்டு மடக்கினேன். தலைமாட்டில் உங்கள் கால்கள் வந்து நின்றன.

"என்ன மாப்ள, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அத்தான்."

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வா, சாயா குடிப்போம்."

அவ்வளவுதான். வீட்டுக்குள் போனதும் அக்கா ஊசி எங்கே என்று கேட்டாள். "தொலஞ்சி போச்சு, வேற வாங்கித் தாரேன்" என்றீர்கள். ஊசி என் பையில் இருந்தது. என் பக்கம் நீங்கள் திரும்பக்கூட இல்லை. அடுத்த மாதம் மகள் பிறந்தாள். அவள் கல்யாணத்தில், பேரன் காதுகுத்தில், எத்தனையோ சாயாக் கடைகளில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வருவேன். நீங்கள் எப்படியோ கண்டுபிடித்து, வேறு பேச்சை எடுத்துவிடுவீர்கள். என்னை நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அந்தக் கருணையை உங்களால் எனக்குக் காட்ட முடியவில்லை. இதில் எனக்கு உங்கள் மேல் கோபம்கூட உண்டு.

போன வருஷம் உங்களைக் கொண்டுபோக வண்டி வந்து நின்றதும் அதே சந்து வாயிலில்தான். ஊசியை உங்கள் சட்டைப் பையில் வைத்து அனுப்பிவிடலாம் என்று பர்ஸில் எடுத்து வந்திருந்தேன். உங்களுக்குச் சட்டையே போடவில்லை அத்தான். வேட்டியும் மாலையும்தான். எங்கே வைப்பது? திரும்பப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டேன், இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வண்டியில் ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி மெயின் ரோட்டில் திரும்பப் போகிற நேரத்தில் எனக்கு என்ன ஆனதோ, கத்திவிட்டேன். "அத்தான்! நில்லுங்க அத்தான்!"

சந்தே திரும்பிப் பார்த்தது. போகிறவரைப் பின்னால் கூப்பிடுகிறாரே, புத்தி கலங்கிவிட்டதா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வண்டி நிற்கவில்லை. நான் மறுபடியும் கூப்பிட்டேன்.

அக்கா என் வாயைப் பொத்தவில்லை.

உங்கள்
மாப்பிள்ளை