எட்டாம் கட்டளையும் எங்கள் அலையும்

அன்புள்ள சார்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வலை பின்னிய விரல்கள் பேனாவையும் வலை ஊசி மாதிரி இறுக்கிப் பிடிக்கின்றன. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சார், எழுதுவது கைநாட்டு அந்தோணியேதான்! மாதா கோயில் கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. இன்று போர்டில் எழுதிவிட்டு வந்து கையை முகர்ந்தேன். சாக்பீஸ் வாசனை. உங்கள் சட்டைப்பையில் எப்போதும் இருந்த வாசனை. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

அதே கூடத்தில்தான் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் சரித்திரம் நடத்துவீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அடையாற்றிலிருந்து பஸ் ஏறி வருவீர்கள். நான் காற்றுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பேன். அந்தக் காலச் சாமியார்கள் பள்ளிக்கூடம் கட்டியதைச் சொல்வீர்கள். கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார வைத்ததையும் சொல்வீர்கள்.

“செத்தவங்க எழுந்து வந்து மறுக்க மாட்டாங்க. அதனால சரித்திரம் சொல்றவனுக்கு பத்துக் கட்டளைல எட்டாம் கட்டளை முக்கியம். பொய்ச்சாட்சி சொல்லாதே.”

“பரீட்சைக்கு வருமா சார்?” என்றான் ஒருவன்.

“சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப வரும். உட்காரு.”

சுனாமியைப் பற்றி நடத்திய அன்றுதான் வம்பு வந்தது. மாதா தடுத்ததால்தான் தண்ணீர் கோயில் வாசலோடு நின்றது என்று பிள்ளைகள் சொன்னார்கள். மெர்சி எழுந்து, “அப்போ எங்க ரோசலி அத்தைய ஏன் சார் தடுக்கல?” என்று கேட்டாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னா அதுவும் பொய்ச்சாட்சி” என்றீர்கள்.

அது போதாதா? மறுவாரம் கோயில் பெரியவர் ஆட்களைக் கூட்டிவிட்டார். பிள்ளைகளின் விசுவாசம் கெடுகிறது, வகுப்பை நிறுத்த வேண்டும் என்றார். பங்குச் சாமியாரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெர்சி தலை நிமிரவில்லை. அவள் கேட்டதே பாவம் என்று ஆகிவிடும் போலிருந்தது.

“அந்தோணி, நீ அன்னிக்கு அங்கதான இருந்த? இன்னா பாத்தன்னு சொல்லு” என்றார் பெரியவர் என்னிடம்.

எழுந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“தண்ணி வாசல்ல நின்னுச்சு, பாத்தேன். கோயிலு மேட்டுல கீது, அதையும் பாத்துகினுதான் கீறேன். ரோசலி பக்கத்து வூட்டுப் புள்ளைங்கள படில ஏத்தி உட்டுட்டு, இன்னொண்ணத் தூக்கத் திரும்பிச்சு. அதையும் பாத்தேன். மாதா அங்க இருந்தாங்கன்னு நம்புறேன் நைனா. எங்க நின்னாங்கன்னு நான் பாக்கல.”

மெர்சி அழுதாள். அத்தை திரும்பிப் போனது எதற்கு என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கடைசியில் சாமியார் எழுந்து, “வகுப்பு நடக்கட்டும்” என்றார்.

பஸ் ஸ்டாப்பில் என் தோளில் கை வைத்து, “இதையெல்லாம் எழுதி வைக்கணும் அந்தோணி” என்றீர்கள்.

“எனக்கு எங்க சார் எழுத்து?”

“அப்ப நீ சொல்லு, நான் எழுதுறேன்.”

சொல்வதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இப்போதும் பிள்ளைகள் அலைக் கதை கேட்டால், பார்த்தது இவ்வளவு, நம்புவது இவ்வளவு என்று பிரித்துத்தான் சொல்கிறேன். “இன்னா தாத்தா, கோர்ட்டா இது?” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கை வலிக்கிறது சார். அடுத்த வாரம் என் ரோசலியைப் பற்றி எழுதுகிறேன். அவள் செத்தது எல்லோருக்கும் தெரியும். மீன் கூடையோடு தெருவில் நுழைந்தால் எப்படிக் கூவுவாள், விலை குறைத்துக் கேட்டவர்களை என்னவெல்லாம் திட்டுவாள் என்பது எனக்குத்தான் தெரியும். அந்தத் திட்டுகளை எப்படி எழுத்துக் கூட்டுவது என்று மட்டும் வகுப்பில் கேட்க வெட்கமாக இருக்கிறது.