காடிக்குள் சாராயம் இருக்கிறதா?

திண்டுக்கல்,
12-2-1958

அன்புள்ள மகள் ஆனந்தமேரிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், ஜாம்ஷெட்பூர் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுத் தேவலை, எனக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பேகம்பூரில் மைதீன் பிச்சை என்பவர் கருப்பஞ்சாற்றை ஜாடியில் புளிக்கவைத்துக் காடியாக்கி, அதில் வெங்காயமும் எலுமிச்சையும் ஊறப்போட்டுக் கல்யாண விருந்துகளுக்குக் கொடுக்கிறவர், அவர் மகன் ஜெகபர் அலி என்னிடம் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறான். சர்க்கரை சாராயமாகும், சாராயம் காற்றுப்பட்டு அசெட்டிக் அமிலமாகும், அதுதான் காடியின் புளிப்பு என்று போன வாரம் நடத்தினேன். வகுப்பில் வாய் திறக்காத பையன் வீட்டுக்குப் போய், இதுக்குள்ள சாராயம் இருக்கு, ஹராம் என்று அத்தனை ஜாடியையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டான். பேச்சு பரவிக் குஜிலியம்பாறைக் கல்யாண வீட்டார், உங்கள் ஊறுகாயே வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மைதீன் பிச்சை பள்ளிக்கூடத்துக்கே வந்து, ஏன் வாத்தியாரே, பாடம் சொல்லிக் குடுக்கச் சொன்னா என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளே என்று எல்லார் முன்னிலும் கத்தினார்.

தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, ஒரு வரிதானே சார், சாராயத்துலருந்து காடி வராது, தவறிச் சொல்லிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அடுத்த வருஷ சர்வீஸ் நீட்டிப்புக்கு நான்தானே சிபாரிசு பண்ணணும் என்றார். யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. மறுநாள் மற்றப் பையன்களையும் விசாரித்தேன். ஏறக்குறைய எல்லாருமே, ஒன்றிலிருந்து உண்டான பொருளுக்குள் அந்தப் பழைய பொருள் பைக்குள் போட்ட கத்தரிக்காய் மாதிரி அப்படியே கிடக்கும் என்றே நினைக்கிறார்கள். இத்தனை வருடம் நடத்தியும் இதை நான் கேட்டதே இல்லையே என்று வெட்கமாகிவிட்டது.

நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பள்ளி ஆய்வுக்கூட ஸ்பிரிட்டும் (அதுவும் சாராயம்தான்) கண்ணாடிக் குடுவையும் பையில் இருந்தன. அது வீட்டுக்குள்ள வேணாம் வாத்தியாரே, தெருவுல வச்சுக்கங்க என்றார் மைதீன் பிச்சை. கூட்டம் கூடிவிட்டது, மதுவிலக்குப் போலீசு வந்தா நாங்க ஆளத் தெரியாதும்போம் என்று ஒருவர் கிண்டல் செய்தார். ஸ்பிரிட்டில் நனைத்த திரி எரிந்தது, கவிழாமல் தப்பிய ஒரு ஜாடியின் காடியில் நனைத்த திரி எரியவில்லை. உடனே ஜெகபர் அலி, தண்ணி கலந்த சாராயமும்தான் தீப்பிடிக்காது சார் என்றான். நியாயமான கேள்விதான். பிறகு தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டைக் குடுவையில் காய்ச்சி ஆவியில் தீக்குச்சி காட்டினேன், நீலமாகப் பிடித்தது. குடுவையைக் கழுவிக் காடியைக் காய்ச்சினேன், குச்சிதான் அணைந்தது. திரும்பத் திரும்பக் காட்டியும் பிடிக்கவில்லை. அப்ப சாராயம் எங்க போச்சு சார் என்றான். எங்கும் போகவில்லை, அதுவேதான் மாறி அமிலமாகிவிட்டது, இப்போது சாராயம் என்று அதில் எதுவும் இல்லை என்றேன். அவன் பாதிதான் நம்பினான் என்று முகத்தில் தெரிந்தது. மைதீன் பிச்சைதான், வெள்ளிக்கெழம தொழுக முடிஞ்சு குஜிலியம்பாறை ஆளுகளும் வருவாக, பள்ளிவாசலுக்கு வெளிய அம்புட்டுப் பேரு முன்னால இதையே செஞ்சு காட்டுவீகளா என்று கேட்டார். சரி என்று என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை.

கூட்டத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்காமலே போனால், குடுவை வெடித்தால், என்று என்னென்னவோ தோன்றுகிறது. தலைமையாசிரியர் கேட்டதை எழுதித் தராமல், முடியாது என்று இன்று காலை சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எதற்கப்பா வம்பு, கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றுதான் நீ எழுதுவாய், நீ எழுதினால் நானும் போட்டுவிடுவேன். உன் பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும் என்பதால்தான் இன்று எழுதுகிறேன்.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். தேவமாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை கடந்திருந்தாலும் எனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல மறந்துவிடாதே.

உன் அன்புள்ள அப்பா,
அ. சூசைமுத்து